ஏரிக்குப் போகும் குழாய்

அவளுக்குத் தவளை என்று பெயர் வைத்தது பள்ளிக்கூடம். நீச்சல் வகுப்பின் முதல் நாளில் தண்ணீருக்குள் போனவள் வெகுநேரமாகியும் வெளியே வரவில்லை. பயிற்சியாளர் காலணியைக்கூடக் கழற்றாமல் குதித்து, அடியில் உட்கார்ந்திருந்தவளை மேலே இழுத்துக்கொண்டு வந்து, அழுகிற நிலைக்கு வந்துவிட்டார். "என்ன சார் ஆச்சு?" என்று அவள்தான் அவரைக் கேட்டாள்.

அவள் கருவாக இருக்கும்போதே மரபணுவைத் திருத்தியிருந்தார்கள். அம்மா பேருந்துப் பணிமனையில் இருக்கைகளுக்கு உறை தைப்பவள். அப்பா லிஃப்ட் மெக்கானிக். கல்யாணமாகிப் பல வருடம் பிள்ளை இல்லாமல் இருந்த அவர்களுக்கு ஓர் ஆராய்ச்சி நிலையம் இலவசமாகச் சிகிச்சை செய்தது. கூடவே சின்னதாக ஒரு மேம்பாடும் உண்டு, பிள்ளைக்கு நோய் நொடி வராது என்றார்கள். தவளைக்கு மாதம் தவறாமல் ஜலதோஷம் பிடித்தது. ஆனால் மூச்சு விடாமல் அரைமணி நேரம் இருக்க முடிந்தது. அதைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

வருடத்துக்கு ஒரு தடவை அந்த நிலையத்தில் இரண்டு நாள் தங்கிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அது ஒரு பழைய குடிநீர் நிலையத்தின் செங்கல் கட்டடம். பெரிய பூங்கா ஒன்றின் பின்பக்கம் இருந்தது. பதினாறு வயது முடிந்த வருடம் அவள் போனபோது, இயக்குநர் நாற்காலியிலிருந்து எழுந்து கைகொடுத்தார்.

"வாழ்த்துக்கள்மா. உனக்கு வேலை கிடைச்சிருக்கு."

"நான் வேலை தேடவே இல்லையே சார்."

"அதான் விசேஷம். தேடாமலே கிடைச்சிருக்கு. கடலுக்கு அடியில கேபிள் போகுது இல்ல, அதைப் பழுது பாக்கணும். பத்து வருஷம் கப்பல்லயே தங்கல், சாப்பாடு."

"நான் பதினொண்ணாவது படிக்கிறேன். அடுத்த வாரம் பரீட்சை."

"கடலுக்கு அடியில பரீட்சை கிடையாது," என்றார் இயக்குநர், அது ஒரு சலுகை என்பதுபோல.

"எங்க அம்மா அப்பாவுக்குத் தெரியுமா?"

"நீ பொறக்கறதுக்கு முன்னாடியே கையெழுத்துப் போட்டுட்டாங்க. நாளைக்கு மத்தியானம் வண்டி வரும்."

அவளுடைய கைபேசியைப் பரிசோதனைக்காக வாங்கி வைத்துக்கொண்டார்கள். கைபேசியில் என்ன பரிசோதனை என்று அவள் கேட்டாள். வாங்கியவர் அதை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினார்.

அடுத்த அறையில் வவ்வால் என்று எல்லோரும் கூப்பிடுகிறவன் இருந்தான். அவளைவிட ஒரு வயது சின்னவன், குண்டுப் பையன். எரிவாயுக் குழாயில் எங்கே கசிகிறது என்று காதாலேயே கண்டுபிடிப்பதற்காக அவனைத் திருத்தியிருந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் யார் பேசினாலும் அவனுக்குக் கேட்கும். அதனால் வீட்டில் அவனுக்குத் தெரியாமல் எந்தச் சண்டையும் போட முடிவதில்லை என்று அவன் அம்மாவுக்குக் குறை.

"நானும் அதே வண்டிதான்," என்றான் அவன். "என்னைப் பாலைவனத்துக்கு அனுப்பறாங்க. மாடியில சின்னப் பசங்க ஏழு பேர் இருக்காங்க. அவங்களுக்கு இன்னும் வயசு வரலயாம், வளர்ந்ததும் அனுப்புவாங்களாம். டாக்டர் போன்ல பேசினதைக் கேட்டேன்."

"வாசல் வழியா போக முடியுமா?"

"காவலாளி ரெண்டு பேரு. ஒருத்தருக்கு மூட்டு வலி. இன்னொருத்தர் நல்லா இருக்காரு."

மறுநாள் காலை கீழ்த்தளத்து நீர்த்தொட்டியில் தவளைக்குக் கடைசிச் சோதனை. வவ்வாலையும் கூட்டிவந்து ஓரமாக உட்கார வைத்தார்கள். அவள் தொட்டிக்குள் மூழ்கி ஏறும்வரை அவன் சுவரில் காதை வைத்துக்கொண்டிருந்தான். தொட்டியின் அடியில் ஒரு பழைய குழாய் வாய் இருந்தது. ஆள் தவழ்ந்து போகிற அகலம்.

"அந்தக் குழாய்ல கிரீச் கிரீச்னு சத்தம் கேக்குது," என்று அவள் காதில் சொன்னான். "பெடல் படகு. ஒரு குழந்தை ஐஸ்கிரீம் கேட்டு அழுவுது. பூங்கா ஏரிக்குத்தான் போகுது."

"நான் போயிடுவேன். உன்னால மூச்சைப் பிடிக்க முடியாதே."

"தெரியும். அதைத்தான் யோசிச்சிட்டிருக்கேன்."

சோதனை செய்த உதவியாளர் சாப்பிடப் போனபோது கதவைப் பூட்டிக்கொண்டு போனார். மூலையில் தரை துடைக்கிற பெரிய வாளி ஒன்று இருந்தது. தவளை அதைக் கவிழ்த்து வவ்வாலின் தலையில் மாட்டினாள். உள்ளே அடைபட்ட காற்றில் கொஞ்ச நேரம் சமாளிக்கலாம் என்பது திட்டம். குழாயின் மறுமுனை அடைத்திருந்தால் நெம்ப உதவும் என்று, சுவரோரம் கிடந்த வால்வு திருகுகிற இரும்புக் கம்பியை அவள் எடுத்துக்கொண்டாள்.

"பினாயில் நாத்தம் குடலைப் புரட்டுதுடி," என்றது வாளி.

"பேசாத. காத்து தீர்ந்துடும்."

அவனுக்கு அதைவிடக் கஷ்டமான ஒன்றைச் சொல்லியிருக்க முடியாது.

குழாய்க்குள் வெளிச்சம் இல்லை. வாளி மேலே மிதந்து குழாயின் கூரையை உரசிக்கொண்டு நகர, அவன் அதற்குக் கீழே தொங்கிக்கொண்டு வந்தான். தவளை அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். தண்ணீருக்குள் அவள் பயப்பட்டதே இல்லை. அன்று பயந்தாள். தனக்காக அல்ல என்பதால் அந்தப் பயத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை.

தூரத்தில் பச்சையாக வெளிச்சம் தெரிந்தது. வெளிச்சத்துக்குக் குறுக்கே இரும்புக் கம்பிகள் நின்றன. அவனை விட்டுவிட்டு முன்னால் போய், வால்வுக் கம்பியை இடையில் கொடுத்து நெம்பினாள். துரு உதிர்ந்தது, கம்பி அசையவில்லை. பின்னாலிருந்து வாளியைத் தட்டும் சத்தம் வந்தது. முதலில் நிதானமாக, பிறகு வேகமாக. குழாய்ச் சுவரில் முதுகைக் கொடுத்து, இரண்டு காலாலும் உதைத்தாள். ஒரு கம்பி முறிந்தது. இன்னொன்று வளைந்தது. தட்டும் சத்தம் நின்றுபோயிருந்தது.

திரும்பிப் போய் அவனைக் கட்டிப்பிடித்து வாளியிலிருந்து பிடுங்கி, இடைவெளிக்குள் திணித்தாள். வயிறு மாட்டிக்கொண்டது. பின்னாலிருந்து ஓர் உதை விட்டாள். சட்டையைக் கம்பியில் விட்டுவிட்டு அவன் அந்தப் பக்கம் போய்விட்டான்.

அன்னப்பறவை வடிவப் படகு ஒன்றின் பக்கத்தில் இருவரும் மேலே வந்தார்கள். வவ்வால் இருமினான், வாந்தி எடுத்தான், பிறகு மூச்சு வாங்கினான். படகில் இருந்த அப்பாவும் மகளும் பெடல் மிதிப்பதை நிறுத்தினார்கள். கரையிலிருந்து படகுக்காரர் கத்தினார்.

"ஏய், ஏரியில குளிக்கக் கூடாது! போர்டு வச்சிருக்கு பாரு!"

"குளிக்கலண்ணே, தப்பிச்சு வந்திருக்கோம்," என்றாள் தவளை.

படகுக்காரர் கரைக்கு இழுத்துப் போட்டதும் இருவரும் நடந்ததைச் சொன்னார்கள். படகுக்கு வரிசையில் நின்ற பெற்றோர்கள் சுற்றிக் கூடினார்கள். பாதிப் பேர் நம்பவில்லை. வவ்வால் கண்ணை மூடிக்கொண்டு, தொலைவில் காரோரம் நின்ற ஒரு தம்பதி முணுமுணுப்பதை அப்படியே ஒப்பித்தான். அது அந்த மனிதரின் மாமியாரைப் பற்றியது. அந்தத் தம்பதியின் முகம் போன போக்கைப் பார்த்ததும் எல்லோரும் நம்பினார்கள்.

படகுக்காரரின் போனை வாங்கித் தவளை அம்மாவிடம் பேசினாள். அவள் தலையைத் துவட்டி முடிக்கும் முன்பே அம்மா ஆட்டோவில் வந்து இறங்கினாள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. மகளைத் தொட்டுத் தடவிப் பார்த்தாள்.

"வா, வீட்டுக்குப் போலாம் கண்ணு."

"மாடியில ஏழு பேர் இருக்காங்கம்மா."

அம்மா அந்தச் செங்கல் கட்டடத்தைப் பார்த்தாள். பிறகு அதை நோக்கி நடந்தாள். படகுக்காரர் படகுகளைக் கட்டிவிட்டுப் பின்னாலேயே போனார். வரிசையில் நின்றவர்களும் குழந்தைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு போனார்கள். ஏதோ இலவசமாகக் கொடுக்கிறார்கள் என்று நினைத்துச் சிலர் வழியில் சேர்ந்துகொண்டார்கள்.

இயக்குநர் வாசலுக்கே வந்துவிட்டார். "முன்கூட்டி நேரம் வாங்கியிருக்கீங்களா?"

"பிள்ளைங்களைக் கூப்பிடுய்யா," என்றாள் அம்மா.

மூட்டு வலிக்காரக் காவலாளி கூட்டத்தைப் பார்த்தார், இயக்குநரைப் பார்த்தார், கதவைத் திறந்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார். இன்னொருவரும் ஒதுங்கி நின்றார். மத்தியான வண்டி தெருமுனைவரை வந்து, கூட்டத்தைக் கண்டு திரும்பிப் போனது. ஏழு பிள்ளைகளும் படியிறங்கி வருவதை எல்லோரும் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தபோது போலீஸ் வந்தது. நிலையத்துக்குப் பூட்டுப் போட்டார்கள். வழக்கு இன்னும் நடக்கிறது. இயக்குநர் ஜாமீனில் வெளியே இருக்கிறார்.

அன்று சாப்பிடும்போது தவளை கேட்டாள். "என்னை இப்படித்தான் வேணும்னு கேட்டீங்களாம்மா?"

அப்பா அவள் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தார்.

"உன்னை வேணும்னு கேட்டோம்," என்றாள் அம்மா. "மீதியெல்லாம் அவங்களா சேர்த்தது. படிச்சுப் பாக்காமலே கையெழுத்துப் போட்டேன். திரும்பக் கேட்டாலும் போடுவேன். என்ன பண்றது, அவ்வளவு ஆசை."

தவளைக்குக் கோபம் வந்தது. சாப்பாட்டை முடிக்காமல் எழுந்து போய்ப் படுத்துக்கொண்டாள். கோபம் சில வாரங்கள் இருந்தது. வந்ததுபோலவே சொல்லாமல் போய்விட்டது.

பரீட்சை முடிந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டாள். "தண்ணிக்கு அடியில எப்படிடி இருக்கும்?"

தவளை அவளை நீச்சல் குளத்துக்குக் கூட்டிப்போனாள். வாழ்நாளில் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்காத அம்மா, மகளின் இரண்டு கையையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு தலையை உள்ளே அமிழ்த்தினாள். மறுகணமே தும்மிக்கொண்டு மேலே வந்தாள்.

"ஒண்ணுமே தெரியலயே!"

"கண்ணைத் திறக்கணும்மா," என்றாள் தவளை.

அம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு மறுபடி உள்ளே போனாள்.