தமிழ் டேபிள்

டிசெக்‌ஷன் ஹாலில் ஒருவர் ஆங்கிலப் புத்தகத்தை வாசிப்பார், ஒருவர் சடலத்தை அறுப்பார், மற்றவர்கள் சுற்றி நின்று பார்ப்பார்கள். எல்லா மேசையிலும் அதுதான் முறை. வாசிப்பவர் கையில்தான் வகுப்பு இருந்தது. அவர் நிறுத்துகிற இடத்தில் கத்தி நிற்கும். அவர் சொல்லும் நரம்பைத்தான் எல்லோரும் குனிந்து தேடுவார்கள்.

கீழப்பழுவூர் அரசுப் பள்ளியில் தமிழில் படித்துவிட்டு, பெரம்பலூர்ப் பக்கத்து அந்த மருத்துவக் கல்லூரிக்கு வந்த மேகலாவுக்கு முதல் வாரத்தில் ஒரே ஒரு நாள் அந்தப் புத்தகம் கிடைத்தது. திக்கித் திணறி நாலு வரி தாண்டுவதற்குள் எதிரே நின்றவன், “நீ படிச்சு முடிக்கறதுக்குள்ள பாடி எந்திரிச்சு வூட்டுக்குப் போயிடும்” என்றான். மேசையே சிரித்தது. அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டதுதான் கொடுமை. அதற்குப் பிறகு புத்தகம் அவள் பக்கம் வரவில்லை. தமிழ் வழியில் வந்தவர்கள் என்று தெரிந்த யாரிடமும் போகவில்லை.

தமிழ்வழி மாணவர்களின் குறைகளைக் கேட்க டீன் ஒரு குழு அமைத்து, அதில் அவளையும் உட்கார வைத்தபோது அவள் கேட்டது சின்ன விஷயம்தான்.

“வாசிக்கறதுக்கு முறை போட்டுக் குடுங்க சார். தப்பாப் படிச்சாலும் பரவாயில்ல, எங்களையும் படிக்க விடுங்க.”

அனாடமி பேராசிரியர் வேணுகோபால் நல்ல மனிதர். முழுவதும் பொறுமையாகக் கேட்டார். “புரியுதும்மா. மத்தவங்க வேகத்துக்கு உங்களால ஓட முடியல. அதானே?”

அதுவல்ல. ஆனால் அறையில் இருந்தவர்கள் எல்லோரும் தலையசைத்தார்கள். மேகலாவின் தலையும் சேர்ந்து அசைந்தது.

திங்கட்கிழமை ஹாலின் கடைசியில், கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில், புதிதாக ஒரு மேசை கிடந்தது. தமிழ்வழி மாணவர்கள் அத்தனை பேருக்கும் அது. உதவி ஆசிரியர் ஒருவர் புத்தகத்தைப் பார்த்துத் தமிழில் சொல்வார். மாணவி மேகலாவின் ஆலோசனைப்படி இந்த ஏற்பாடு என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தார்கள். மதியத்துக்குள் அதற்குத் ‘தமிழ் டேபிள்’ என்று பேர் விழுந்துவிட்டது.

வரதராஜன்பேட்டை ஜெயப்பிரகாஷும் தமிழ் வழிதான் என்பது அன்றைக்குத்தான் மற்றவர்களுக்குத் தெரிந்தது. மூன்றாம் மேசையில் தினமும் வாசித்துக்கொண்டிருந்தவனே அவன்தான். அலுவலகம் சான்றிதழைப் பார்த்து அவனையும் கடைசிக்கு அனுப்பியிருந்தது.

“வாங்க பிரதிநிதி,” என்றான் மேகலாவைப் பார்த்து. “எங்க எல்லாரையும் ஒரே எடத்துல சேத்து வச்சீங்க. புண்ணியமாப் போவுது.”

“நான் இதைக் கேக்கல ஜெயப்பிரகாஷ்.”

“என்ன கேட்டியோ. போர்டுல உன் பேருதான் இருக்கு.”

பேராசிரியரிடம் போய்ச் சொல்லிவிடலாம் என்று கிளம்பியவளை லப்பைக்குடிக்காட்டு ஃபஹ்மிதா கையைப் பிடித்து நிறுத்தினாள். “அல்லாவுக்காக இந்த டேபிளை எடுக்கச் சொல்லிடாதடி. இப்பதான் எனக்குப் புரியவே ஆரம்பிச்சிருக்கு.”

மேகலா திரும்பி வந்து தொட்டிப் பக்கம் நின்றுகொண்டாள்.

வாய்மொழித் தேர்வு வந்தது. தேர்வாளர் அவள் எந்த மேசை என்று பார்த்தார். தோள்பட்டை எலும்பைக் காட்டி, பேர் கேட்டார். சொன்னாள். “வெரி குட். போம்மா.” மற்றவர்களை வியர்க்க வைத்த கேள்விகளில் ஒன்றுகூட அவளுக்கு வரவில்லை. தேறிவிட்டாள். ஃபெயில் ஆகியிருந்தால்கூட அப்படி அவமானமாக இருந்திருக்காது என்று தோன்றியது.

கல்லூரிக்கு ஆய்வுக் குழு வருவதாகச் செய்தி வந்தபோது வேணுகோபால் அவளைக் கூப்பிட்டார். “அவங்க முன்னாடி நீதான்மா பேசணும். இது உன் ஐடியா.”

சரி சார் என்றாள். வேறொரு கணக்கு மனதுக்குள் ஓடியது. அன்று முதல் ஜெயப்பிரகாஷுடன் உட்கார்ந்து அக்குள் பகுதிப் பாடத்தை ஆங்கிலத்தில் வாசித்துப் பழகினாள். “ஓடாத. கமா வந்தா மூச்சு விடு,” என்று அதட்டுவான். அவனுக்கு மூன்றாம் மேசைக்குத் திரும்ப வேண்டும். ஃபஹ்மிதாவுக்காக இன்னொன்றையும் கேட்பதாக மேகலா வாக்குக் கொடுத்திருந்தாள்.

குழு வந்து கடைசி மேசையைச் சுற்றி நின்றது. மேகலா உதவி ஆசிரியரிடமிருந்து புத்தகத்தை வாங்கினாள். ஒரு பக்கம் முழுவதையும் எங்கும் தடுக்காமல் ஆங்கிலத்தில் வாசித்தாள். பிறகு நிமிர்ந்து சொன்னாள்:

“எங்களால வாசிக்க முடியும் மேடம். எங்களுக்குத் தனி டேபிள் வேணாம். பழைய டேபிள்லயே முறை போட்டுக் குடுங்க. தமிழ்ல கேக்கணும்னு நெனைக்கறவங்களுக்கு சாயந்தரம் ஒரு கிளாஸ் வச்சாப் போதும்.”

குழுத் தலைவி, நரைத்த தலை, வேணுகோபாலிடம் திரும்பினார். “இந்தப் பொண்ணு வந்த புதுசுல எப்படி?”

“வாயே தொறக்க மாட்டா மேடம்.”

“டேபிள் போட்டு எத்தனை மாசமாச்சு?”

“நாலு.”

“நாலே மாசம்.” தலைவியின் முகம் மலர்ந்தது. “டேபிளே வேணாம்னு நம்மகிட்டயே பேசறா பாருங்க. இந்தத் தைரியத்தைக் குடுத்தது எது? இதே மாதிரி பிசியாலஜி லேப்லயும் போடுங்க. அடுத்த வருஷப் பிள்ளைங்களுக்கும் இருக்கட்டும்.”

“இல்ல மேடம், நான் என்ன சொல்ல வந்தேன்னா…” என்று மேகலா ஆரம்பித்தாள்.

“நல்லா வருவம்மா நீ,” என்று அவள் தோளில் தட்டிவிட்டு அவர் அடுத்த கூடத்துக்கு நடந்தார். வேணுகோபாலின் கண்கள் கலங்கியிருந்தன. ஜெயப்பிரகாஷ் தொட்டிக் குழாயைத் திறந்து, அழுக்கில்லாத கைகளைக் கழுவிக்கொண்டிருந்தான்.

உதவி ஆசிரியர் அவள் கையிலிருந்து புத்தகத்தை மெதுவாக வாங்கினார். அவள் வாசித்த அதே பக்கத்தை முதல் வரியிலிருந்து தமிழில் சொல்லத் தொடங்கினார்.