கொஸ்மாவின் வரிசை

தலையில் போர்த்திய கம்பளியை எடுக்காமலே லெயோன் சாமி குனிந்து உள்ளே வந்தார். அந்தூசா சட்டென்று கதவைச் சாத்தினாள். சாத்தி என்ன பயன்? எதிர்வீட்டு மாரூலா ஜன்னலிலேயே நின்றிருந்தாள். அவளுக்குத் தெரியாமல் அந்தத் தெருவில் ஒரு கோழிகூட முட்டையிட்டதில்லை.

ஆயிரத்து நானூற்று ஐம்பத்து மூன்றாம் வருஷத்து வசந்தம். சுல்தானின் பீரங்கி கான்ஸ்டான்டிநோபிளின் மதிலைப் பெயர்த்துக்கொண்டிருந்தது. ஆனாலும் தெருக்காரர்களுக்குச் சுல்தானைவிட ரோம்மீதுதான் ஆத்திரம். படை அனுப்புவார்கள் என்ற ஆசையில், போன குளிர்காலத்தில் அரண்மனைக்காரர்கள் வேறு சபையான ரோமோடு சேர்ந்து பெரிய கோயிலில் பூசை வைத்தார்களே, அன்று அங்கே நின்ற குருமார் எல்லாரையும் தெருக்காரர்கள் ஒதுக்கிவைத்துவிட்டார்கள். லெயோன் சாமி அன்று நின்றவர். “அந்தாளு நிழலுகூட என் வீட்டுப் படி ஏறக் கூடாது” என்று தெருவே கேட்கக் கத்தியவன் அந்தூசாவின் புருஷன் கொஸ்மா.

படகுகளுக்குத் தார் பூசும் அந்தக் கொஸ்மாதான் இப்போது கால் வீங்கி, மூச்சு இழுத்துக்கொண்டு கிடந்தான். ரோமை எதிர்த்தவர் என்று அவன் நம்பியிருந்த துறவி மடத்துக் கதவையே திறக்கவில்லை. கடைசி அப்பமும் திராட்சை ரசமும் வாயில் படாமல் போய்விடுவானோ என்றுதான் அந்தூசா லெயோன் சாமியைக் கூப்பிட்டிருந்தாள். பிள்ளைகளும் இல்லாத வீடு. வேறு யாரிடம் கேட்பாள்?

“யாரு?” என்றான் கொஸ்மா.

பொய் சொல்லிவிடலாம். அவனுக்குக் கண் தெளிவில்லை. ஆனால் நாக்கு எழவில்லை.

“நம்ம லெயோன் சாமிங்க.”

“என் அப்பம் புளிச்ச அப்பந்தான்யா, ரோமாபுரியோட புளிக்காத அப்பம் இல்ல” என்றார் சாமி, மெல்ல. “அன்னிக்கு ஒரு நாள் நின்னேன். மேலிடத்துல சொன்னாங்க, நின்னேன்.”

கொஸ்மா அவரைப் பார்க்கவில்லை. பெண்டாட்டியையே பார்த்தான்.

“நான் வாங்காம போயிட்டா உனக்குப் பயமா இருக்குமா?”

“இருக்குங்க.”

அவன் வாயைத் திறந்தான்.

வெயில் ஏறுமுன் மூச்சு நின்றது. அந்தூசா முகத்தைத் துடைத்துக்கொண்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள்.

“மாரூலா, அவரு போயிட்டாரு. குளிப்பாட்ட ஒரு கை குடுடி.”

“ரோமாபுரி சாமி ஊட்டின வாயில நாங்க வந்து முத்தம் குடுக்கணுமாக்கா?” மாரூலாவின் கண்ணில் நீர் நிறைந்திருந்தது. “மனுஷன் என்னா வீறாப்பு பேசுனாரு! நீதான் கெடுத்த.”

“நாந்தான். நீ வாடி.”

“வந்தா நாளைக்கு எனக்கும் நம்ம சாமியாருங்க அப்பம் குடுக்க மாட்டாங்க. போக்கா.”

கதவு சாத்திக்கொண்டது. அந்தூசாவுக்குக் கோபம்கூட வரவில்லை. அவனைத் தானே புரட்டி, திராட்சை ரசம் கலந்த தண்ணீரில் தானே குளிப்பாட்டினாள். நகங்களில் ஒட்டியிருந்த தார் மட்டும் போகவே இல்லை.

சாயங்காலம் கோயில் காவலாளியும் வாசல் பிச்சைக்காரனும் பாடையைத் தூக்கிவந்து கோயிலுக்குள்ளே இறக்கிவிட்டு, மதிலில் கல் சுமக்கக் கூப்பிட்டதால் ஓடிவிட்டார்கள். கொஸ்மாவின் தம்பியும் மதிலில்தான். அக்காள் கழிமுகத்துக்கு அக்கரையில், வர வழியில்லை.

முகத்தை மூடுமுன் வந்தவர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து, முத்தமிட்டு வழியனுப்ப வேண்டும். கொஸ்மாவின் அப்பன் சாவுக்கு வரிசை வாசலைத் தாண்டித் தெருவில் நின்றது. இன்று சாமி பாட வேண்டியதைப் பாடி முடித்ததும், அந்தூசா குனிந்து நெற்றியில் முத்தமிட்டாள். பழக்கத்தில், பின்னால் வருகிறவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றாள். யாரும் வரவில்லை.

சாமி துணியைக் கையில் எடுத்தார். “மூடிரலாமாம்மா?”

“இருங்க சாமி. இன்னும் ஆளு இருக்கு.”

அவள் வாசல்வரை நடந்தாள். அங்கே திரும்பி நின்று, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, முன்னால் ஆட்கள் நின்று நகர்வதுபோல, ஒவ்வோர் அடியாக எடுத்துவைத்து வந்தாள்.