கண்ணடிச்சான்

குருவிகுளம் ஸ்டாப்பில் ஒருவன், தன் பெண்டாட்டியைப் பார்த்து பஸ் கண்டக்டர் சண்முகையா கண்ணடித்துவிட்டான் என்று செருப்பைக் கழற்றிவிட்டான். புதுமாப்பிள்ளை, ரோஷம் மூக்குக்கு மேலே நின்றது. அடித்துவிட்டு அவன் பாட்டுக்குப் போய்விட்டான். பஸ் சங்கரன்கோவிலுக்குள் நுழைவதற்கு முன்னே சேதி நுழைந்துவிட்டது. அன்றைக்கே சண்முகையாவுக்குக் ‘கண்ணடிச்சான்’ என்று பட்டம் கட்டியாயிற்று. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

ஊர் கிடக்கிறது கழுதை. பேச்சித்தாய்க்கு என்ன கேடு? சண்முகையா கட்டின பெண்டாட்டி அல்லவா? அவளும் நம்பிவிட்டாள், அதுதான் கொடுமை. கொஞ்ச நாளாகவே அவனுடைய வலது கண்ணில் இமை சரிந்து, யாரை நிமிர்ந்து பார்த்தாலும் ஜாடை காட்டுவதுபோல இருந்ததை அவளும் கவனித்திருந்தாள்.

“நான் அடிக்கலட்டி, அது தானா இறங்குது” என்றான் சண்முகையா.

“தானா இறங்குதாம், தானா! பொம்பளயக் கண்டா மட்டும் இறங்குமாக்கும். சூடம் அணச்சு சத்தியம் பண்ணுங்க, பாப்போம்.”

அவன் மறுக்கவில்லை. கோமதியம்மன் படத்துக்கு முன்னால் அவளே சூடம் கொளுத்தினாள். “எம் மனசறிஞ்சு எவளையும் பாத்துக் கண்ணடிச்சதில்ல, தாயே” என்று வலது உள்ளங்கையால் பொத்தி அணைத்தான். அணைத்த கையோடு அவளை நிமிர்ந்து பார்த்தான். பாழாய்ப்போன அந்த இமை அப்போதும் சரிந்துதான் நின்றது.

“அடப்பாவி மனுசா! சத்தியம் பண்ணும்போதே கண்ணடிக்கியளே!”

அதோடு பேச்சு நின்றது. சோற்றுத்தட்டு ணங்கென்று தரையில் விழும். அதுதான் அவனைச் சாப்பிடக் கூப்பிடுகிற சத்தம். பஸ் முதலாளியும், “கொஞ்ச நாள் வீட்டுல இரும்வே” என்று சொல்லிவிட்டார்.

தோளில் டிக்கெட் பை தொங்கித் தொங்கித்தான் வலது தோள் வலிக்கிறது என்று சண்முகையா நினைத்திருந்தான். பை இறங்கியது, வலி இறங்கவில்லை. கை வழியாகச் சுண்டுவிரல் வரை இழுத்தது. சோறு பிசைய விரல் கூடவில்லை. சும்மா இருக்குமா ஊர்? “பொய்ச் சத்தியம் கையப் பிடிச்சுட்டு” என்றது. சூடம் அணைத்த கை அல்லவா!

பேச்சித்தாய் நடுங்கிப்போனாள். கோயில் புற்றுமண்ணைக் குழைத்து அவன் கை நெடுகப் பூசினாள். பூசிக்கொண்டே அழுதாள்.

“தப்ப ஒத்துக்கிடுங்க. அம்மன் மன்னிச்சு விட்டுருவா.”

“செய்யாதத எப்படிட்டி ஒத்துக்கிட?” என்று அவனும் அழுதான்.

புற்றுமண்ணுக்கும் வலி கேட்காமல்தான் திருநெல்வேலிப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டரம்மா ஞானரத்தினம் கையைப் பார்க்கும் முன்னே கண்ணைப் பார்த்தார்.

“ஏம்மா, இவருக்கு முகம் முழுக்க வேர்க்குமா?”

இது என்ன கேள்வி என்று பேச்சித்தாய் திரும்பினாள். எத்தனையோ நாளைக்கு அப்புறம் அன்றைக்குத்தான் புருஷன் முகத்தை நேராகப் பார்த்தாள். இடது பாதி வேர்த்து வழிந்தது. வலது பாதி காய்ந்து கிடந்தது.

டாக்டரம்மா ஜன்னலைச் சாத்தி விளக்கை அணைத்தார். டார்ச்சைத் தாழப் பிடித்து, “வந்து பாரும்மா” என்றார். இருட்டுக்கு இடது கண்பாப்பா மிளகாக விரிந்திருந்தது. வலது, கடுகாகவே நின்றது.

“கண்ணுக்குப் போற நரம்பு கெட்டிருக்கும்மா. அதான் பாப்பா விரியல, இமையும் தொங்குது.”

“அப்ப, இவுக கண்ணடிக்கலயா டாக்டரம்மா?”

“இல்லம்மா. இவரால அதத் தூக்க முடியல.”

பேச்சித்தாய்க்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. “கோமதித்தாயே!” என்று இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டாள். டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, நுரையீரல் உச்சியில் ஒரு கட்டி, அதுதான் கண்ணுக்கும் கைக்கும் போகிற நரம்புகளை அமுக்குகிறது, முற்றிவிட்டது என்று மெதுவாகச் சொன்னதெல்லாம் அவள் காதில் ஏறவே இல்லை. சண்முகையா காதில் ஏறிற்று.

வெளியே வந்ததும் அவன் கையைப் பிடித்து இழுத்தாள்.

“வாங்க, நேரா குருவிகுளத்துக்குப் போவோம். செருப்பத் தூக்குன பயல ஸ்டாப்புல வச்சு நாலு வார்த்த கேட்டாத்தான் எம் மனசு ஆறும். ஒரு ஊரு பாக்கி இல்லாம சொல்லணும்.”

“எதுக்குட்டி அலைய? கொஞ்ச நாள்ல எல்லாரும் நம்ம வீட்டுக்கே வருவாக. அவனும் மாலையோட வருவான். அப்ப சொல்லிக்கோ.”

“மாலை எதுக்கு?” என்று கேட்டாள். கேட்ட பிறகுதான் டாக்டரம்மா சொன்னது அவள் காதுக்கு வந்து சேர்ந்தது.

“ஐயோ, எஞ்சாமி! ஊரு சொன்னத நம்புனேன், நீங்க சொன்னத நம்பலயே!”

“இப்ப நம்பிட்டல்லா.”

உச்சிவெயிலில் அவன் இடது கன்னத்தில் வேர்வை ஓடியது. பேச்சித்தாய் முந்தானையை எடுத்துத் துடைத்தாள். பிறகு, ஈரமே இல்லாத அந்தப் பாதியையும் துடைத்தாள்.