ஒரு புத்தக அகலம்

ஒரு புத்தக அகலத்துக்கு இருட்டு, அதற்கு அந்தப் பக்கம் ஒரு கண், அது என்னைப் பார்க்கவில்லை, இரும்பு ராக்கில் தடிப் புத்தகங்களுக்கு நடுவே காலியாகக் கிடக்கிற இடத்தைப் பார்க்கிறது, மூன்று நாளாக இதே நேரத்துக்கு வந்து இதே இடத்தைப் பார்க்கிறது, அங்கே இருக்கவேண்டிய பச்சை அட்டைப் புத்தகம் எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியும், அந்தக் கண்ணுக்குத் தெரியாது, அது என் பக்கம் திரும்பி, ஏம்மா, கடல்பாசி புஸ்தகம், பச்ச அட்ட, படமெல்லாம் உள்ளது, நீங்க பாத்தீங்களா என்று கேட்கிறது, நான் பாக்கலையே டீச்சர் என்கிறேன், எவ்வளவு சுலபமாக வருகிறது, தாகமில்லாதவள் தண்ணீர் வேண்டாம் என்பதுபோல.

அமலோற்பவம் டீச்சர், வேம்பாற்றுக்காரர், கடற்கரைப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டே ஆறு வருஷமாக ஆராய்ச்சி செய்தவர், தன் அப்பாவின் வலையில் ஏறிவந்த ஒரு பாசியை, இந்தக் கரையில் இதுவரை யாரும் பதிவு செய்யாதது என்று எழுதியிருந்தார், அந்தப் பச்சைப் புத்தகத்தின் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டேன் என்று வழிகாட்டிப் பேராசிரியர் சொல்லிவிட்டார், பள்ளிக்கூடத்தில் ஒரு வாரம் லீவு, வெள்ளிக்கிழமையோடு பதிவுக் காலம் முடிகிறது, இதற்குமேல் நீட்டிக்கமாட்டார்கள், இதெல்லாம் எனக்கு அன்றைக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் மட்டும் என்ன செய்திருப்பேனோ, எனக்கும் எம்.ஃபில். முடிக்க இருபதே நாள், அந்தப் புத்தகம் ஒரே ஒரு பிரதி, முதுகில் சிவப்புச் சீட்டு ஒட்டியது, வீட்டுக்குத் தரமாட்டார்கள், நான் சங்கரன்கோவிலிலிருந்து பஸ் ஏறி வந்து சேர்வதற்குள் மணி பத்தரை, அதற்குள் விடுதிப் பிள்ளைகள் எடுத்து வைத்துக்கொள்வார்கள், அதனால் ஒரு சாயங்காலம் யாரும் பார்க்காதபோது அதைத் தூக்கிக்கொண்டு போய் சட்டப் புத்தக ராக்கின் கடைசித் தட்டில், நிலவரிச் சட்டங்களுக்குப் பின்னால் செருகிவிட்டேன், எங்கள் பல்கலைக்கழகத்தில் சட்டப் படிப்பே கிடையாது, அங்கே எவர் போகப்போகிறார், என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

புதன்கிழமை போய்ப் பார்த்தால் ராக்கே காலி. சுவரெல்லாம் மருந்து நெடி, கரையான் வந்துவிட்டதென்று சட்டப் புத்தகம் மொத்தத்தையும் கயிற்றால் கட்டிக் கீழ்த்தள அறையில் போட்டுவிட்டார்களாம், அங்கே நின்று விழித்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல், என்னட்டி, சட்டம் படிக்கப் போறியா, புத்தகம் அடுக்குகிற தங்கபுஷ்பம் அக்கா, இடுப்பில் தூசித் துணி, வாயில் எப்போதும் ஒரு கிராம்பு, அவளே சொன்னாள், நீயும் இங்கனதான் குடிவச்சியா, ஒளித்து வைக்கிற புத்தகத்துக்கு நூலக ஆட்கள் வைத்திருந்த பெயர் அது, குடிவச்ச புத்தகம், எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது, அக்கா, கார்டப் பிடுங்கிருவாங்களா, படிப்பு போயிருமேக்கா, அவள் கிராம்பை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளினாள், ஆபீஸ்ல போய்ச் சொல்லது எஞ் சோலி இல்லட்டி, அந்த டீச்சர் மூணு நாளா பித்துப் பிடிச்ச மாதிரி சுத்துது, அதுட்ட போய்ச் சொல்லது ஒஞ் சோலி.

டீச்சர் ஜன்னலோரத்து மேசையில் ஒன்றும் எழுதாமல் உட்கார்ந்திருந்தார், நான் சொன்னேன், எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை, மேலே மின்விசிறி கடகடவென்று சுற்றியது மட்டும்தான் நினைவு, காலைல கேட்டப்ப பாக்கலன்னீங்களே, ஆமா டீச்சர், திட்டுவார் என்று தலையைக் குனிந்து நின்றேன், அவர் எழுந்து சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினார், எத்தன கட்டு கெடக்கு, நாப்பத்திரெண்டு டீச்சர், சரி, வந்து கயித்த அவுருங்க.

அந்த அறையை நான் இன்னும் கனவில் காண்கிறேன், கனவில் முட்டளவு கடல்தண்ணீர் நிற்கிறது, கட்டுகள் மிதக்கின்றன, அவிழ்க்க அவிழ்க்கப் பாசி வழுக்குகிறது, நிஜத்தில் தூசியும் தும்மலும்தான், மூன்று பேர், தேங்காய்நார்க் கயிறு கையை அறுக்கிறது, சட்டப் புத்தகங்களுக்கு நடுவே கணக்குப் புத்தகம் வருகிறது, ஆட்டு நோய் பற்றிய புத்தகம் வருகிறது, இலக்கணம், பொருளாதாரம், பெரிய அகராதி ஒன்று, அக்கா ஒவ்வொன்றையும் தூக்கிக் காட்டி, ஏ, இதத்தான இயற்பியல்காரவுக ஒரு வருசமா காங்கல காங்கலன்னாவ என்று சிரிக்கிறாள், சட்டப் படிப்பு கிடையாது, எவர் போகப்போகிறார் என்று நினைத்தது நான் ஒருத்தி இல்லை, பல்கலைக்கழகமே நினைத்திருக்கிறது. வியாழன் மத்தியானம், முப்பத்தொன்றாவது கட்டு, பச்சை அட்டை. டீச்சர் அதைத் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தார், ஏம்மா, கடல்பாசிக்கு எதுக்கு நிலவரிச் சட்டம், கரையில பட்டா வாங்கப்போவுதா, அக்கா சிரித்த சிரிப்பில் கிராம்பு தெறித்து விழுந்தது, எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

ஆனால் படத்தைத் திருப்பியபோது யாரும் சிரிக்கவில்லை. தாளில் ஒட்டிக் காயவைத்திருந்த தன் பாசியை அவர் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார், இரண்டும் ஒன்றாக இருந்தால் ஆறு வருஷத்தில் பெரிய பங்கு போச்சு, விரலால் ஒவ்வொரு கிளையாகத் தொட்டுக்கொண்டு போனார், புத்தகத்தில் இருந்தது விரல்போல இரண்டு இரண்டாகப் பிரிந்தது, அவருடையது சீப்புபோல ஒரே பக்கம் பிரிந்தது, இல்ல, இது அது இல்ல என்றார், மெதுவாக, பிறகு சத்தமாக, எங்க அப்பா பாசி இது, அது இல்ல.

அதற்குப் பிறகு புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வார் என்று நினைத்தேன், அவர் மேசையின் நடுவில் விரித்து வைத்து எதிர் நாற்காலியைக் காட்டினார், உங்களுக்கும் வேணும்ல, உக்காருங்க, நூலகம் மூடுகிற வரைக்கும் ஒரே புத்தகத்தை இரண்டு பேர் படித்தோம், ஒருத்திக்கு நேராக, ஒருத்திக்குத் தலைகீழாக, திருப்பவா, இருங்க இந்த ஒரு வரி, இப்பத் திருப்புங்க. வெள்ளிக்கிழமை அவர் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு வேம்பாற்றுக்கு பஸ் ஏறினார், சனிக்கிழமை பத்தரைக்கு நான் வந்தபோது பச்சைப் புத்தகம் தன் இடத்தில் இருந்தது, விடுதிப் பிள்ளை ஒருத்தி அதை எடுத்தாள், எதிர் நாற்காலி காலியாத்தான இருக்கு, நானும் சேந்து படிக்கட்டுமா என்று கேட்டேன், அவள் ஒரு மாதிரி பார்த்தாள், பிறகு புத்தகத்தை நடுவில் தள்ளினாள், என் எம்.ஃபில். அப்படித்தான் முடிந்தது, தலைகீழாகப் படித்தே.

இப்போதும் போகிறேன், பழைய மாணவி என்று ஒரு கார்டு கொடுத்திருக்கிறார்கள், கணினியில் தட்டினால் எந்தப் புத்தகம் எந்த ராக்கு என்று சொல்லிவிடுகிறது, ஆனால் ராக்குக்குப் போனால் ஒரு புத்தக அகலத்துக்கு இருட்டு, அதற்கு அந்தப் பக்கம் ஒரு கண், டீச்சருடைய கண்தான் என்று ஒரு கணம் திடுக்கிடுகிறேன், அது மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு சின்னப் பெண்ணின் கண்ணாகிறது, ஆன்ட்டி, இங்க ஒரு புக் இருக்கணும், சிஸ்டத்துல இருக்குன்னு காட்டுது, திங்கக்கிழம ரிவ்யூ, நீங்க பாத்தீங்களா, அந்த இடைவெளி வழியாக அவள் பக்கத்து ஜன்னல் வெளிச்சம் என் கைமேல் விழுகிறது, பாக்கலம்மா என்கிறேன், இந்தத் தடவை நிஜமாகவே பார்க்கவில்லை, ஆனா எங்க குடியிருக்கும்னு தெரியும், வா, அவளுக்குப் புரியவில்லை, ஆனாலும் வருகிறாள், கடைசி வரிசை, கடைசித் தட்டு, முட்டி வலிக்கக் குனிந்து நிலவரிச் சட்டங்களுக்குப் பின்னால் கையை விடுகிறேன், விரலில் ஒரு அட்டை தட்டுப்படுகிறது, அதன் பக்கத்தில் இன்னொன்று, அதற்கும் பக்கத்தில் இன்னொன்று.