வாடகைக்கு இருந்தவன்

"என் பேரு முனாஷே. வயசு இருபத்தொன்பது. மாமெலோடியில, இதே வீட்டுப் பின்னறையில வாடகைக்கு இருக்கேன்."

முனாஷே மைக்கை வாயருகே இழுத்துக்கொண்டான். முன்னால் சவப்பெட்டிக்குள் அந்த வீட்டுக்காரன் ஒராட்டிலே படுத்திருந்தான். ஏழு வருஷம் இவனோடு ஒரே கட்டிலில் படுத்தவன். இருவரும் ஜோடியாகக் கோர்ட் படியேறி, வீட்டில் வளர்த்துவந்த சிறுமி அமோவைத் தத்தெடுக்க அலையாய் அலைந்தார்கள். அடுத்த வாரம்தான் கடைசி விசாரணை.

"ரொம்ப நல்ல வீட்டுக்காரர்" என்று முடித்தான்.

"வாடகையை எப்படிக் கட்டினானாம்?" பந்தலின் பின்வரிசையில் எவனோ கேட்டான். நாலைந்து பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

காலையில்தான், கோஸ் அரிந்துகொண்டிருந்தவனை ஒராட்டிலேயின் அக்கா மபூலா தனியே கூப்பிட்டிருந்தாள்.

"சர்ச்காரங்க அத்தனை பேரும் வர்றாங்க தம்பி. அம்மா மொகத்துல கரியப் பூசிடாத. வாடகைக்கு இருக்கறவன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. புள்ளைய நீயே வச்சுக்க, நாங்க குறுக்க நிக்கமாட்டோம்."

"நெசமாவாக்கா?"

"என் தம்பி பெட்டி மேல சத்தியம்."

கூடத்தில் சாமான்களை ஒதுக்கி, துக்கத்துக்கு உரியவர் உட்காரத் தரையில் மெத்தை போட்டிருந்தார்கள். முனாஷேயும் ஒராட்டிலேயும் படுத்த மெத்தைதான். அதில் ஒராட்டிலேயின் அம்மா போர்வைக்குள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஐந்து வயது அமோ.

மைக்கை வைத்துவிட்டு வாசலைக் கடந்தவனைப் பார்த்து அமோ மெத்தையைத் தட்டினாள்.

"பாபா, இங்க வந்து உக்காரு."

அப்பா என்ற அந்த அழைப்பைக் கேட்டுக் கூடமே அவனைப் பார்த்தது. முனாஷே காது கேளாதவன்போல் சட்டிகளைப் பார்க்கப் போய்விட்டான்.

அடக்கம் முடிந்து திரும்பியதும் வாசலில் வைத்திருந்த தொட்டியில் எல்லோரும் கை கழுவினார்கள். தத்தெடுப்பு மனுவை விசாரிக்கும் குழந்தைகள் நலத்துறை அம்மாள் அவனை நிறுத்தினாள். பந்தலில் அவளும் இருந்திருக்கிறாள்.

"மனுவுல துணைவர்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. ஊரு முன்னாடி வாடகைக்காரன்னு சொல்றீங்க. கோர்ட்டுல நான் எதைச் சொல்றது?"

"அக்காதான் அப்படிச் சொல்லச் சொன்னாங்கம்மா."

"நானா?" தொட்டியிலிருந்து மபூலா கையை எடுக்கவில்லை. "பொணத்து முன்னாடி பொய் சொல்லச் சொல்வேனா? இந்த வீட்டுக்காகத்தான் ஒட்டிக்கிட்டிருக்கான்."

"அப்ப பிள்ளைய நீங்க வச்சுக்கறீங்களா?" நலத்துறை அம்மாள் அவள் பக்கம் திரும்பினாள்.

"எங்க ரத்தமா அது? கூட்டிட்டுப் போங்க."

அமோவின் துணிகளை ஒரு பையில் போட முனாஷேயைத்தான் அனுப்பினார்கள். எது எங்கே இருக்கிறதென்று வேறு யாருக்கும் தெரியவில்லை.

"பின்னறையை மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடு தம்பி" என்றாள் மபூலா. பின்னறையில் கரி மூட்டைகள்தான் இருந்தன.

நலத்துறை அம்மாளின் காரில் அமோ அழவில்லை. பாபாவும் ஏறுவான் என்று நகர்ந்து இடம் விட்டு உட்கார்ந்திருந்தாள். அவன் அந்த இடத்தில் பையை வைத்தான். கதவைச் சாத்திவிட்டு, முன் ஜன்னலுக்குக் குனிந்தான்.

"அம்மா, அங்க யாரு பாத்துக்கிட்டாலும் சொல்லிடுங்க. அவ தூங்கினப்பறம் லைட்ட அணைச்சிட வேணாம்."