ஆன்டெனா திருப்பியவர்

உள்ளிருந்த பாகங்கள் எல்லாம் கழற்றி விற்கப்பட்டு, இருபது வருடமாகத் துணி அடுக்கும் மேடையாகக் கிடந்த தொலைக்காட்சிப் பெட்டி, மூன்றாம் மாடியில் இஸ்திரிக்காரம்மா வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு ஓடத் தொடங்கியது. படக்குழாய் இருந்த இடத்தில் அட்டை ஒட்டியிருந்தது. படம் அந்த அட்டை மேலேயே தெரிந்தது. அந்த வாரம் முட்டை விலை ஏறியிருந்ததால் கட்டடத்தில் யாரும் இதைப் பெரிதாகப் பேசவில்லை. கீழ்வீட்டுத் தையல்காரர் மட்டும் வந்து, சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தால் புண்ணியமாகப் போகும் என்றார். குறைக்கத் திருகே இல்லை என்று அவள் காட்டினாள். அவர் பார்த்துவிட்டுப் போய்க் காதில் பஞ்சு வைத்துக்கொண்டார்.

காரணம் ஓவனில் இருந்த பாத்திரம். உருளைக்கிழங்கு வில்லைகள், கொத்துக்கறி, வதக்கிய வெங்காயம், மறுபடி உருளைக்கிழங்கு, உச்சியில் சீஸ், அதன்மேல் ரொட்டித் தூள். ஊரார் கேசரோல் என்பார்கள். அந்த வீட்டில் அதற்குப் பெயர் அடுக்கு. அவளுடைய அம்மா அதைக் கடிகாரம் பார்த்துச் செய்தவள் இல்லை. ஞாயிறு மாலை கரடிக் கப்பல் என்றொரு பொம்மைத் தொடர் வரும். தொடக்கப் பாட்டு கேட்டதும் பாத்திரம் ஓவனுக்குள் போகும். கரடி மாலுமி தூரத்தில் கரையைக் கண்டதும் சீஸ் தூவ வேண்டும். முடிவுப் பாட்டுக்கு வெளியே எடுக்க வேண்டும். அம்மா செத்து ஒரு வருடம் கழித்து மகள் அடுக்கு செய்யப் பார்த்தாள். தொடர் இல்லாமல் நேரம் பிடிபடவில்லை. ஒரு வாரம் கரி, மறுவாரம் பச்சை. மூன்றாவது வாரம் பரண் மேலிருந்து அம்மாவின் பழைய பீங்கான் பாத்திரத்தை இறக்கி, அதில் அடுக்கி உள்ளே தள்ளினாள். முன்னறையில் தொடக்கப் பாட்டு கேட்டது.

அதோடு நின்றிருந்தால் அவளுக்கும் பிழைப்பு நடந்திருக்கும். பாட்டு முடிந்ததும் மொட்டை மாடியிலிருந்து அப்பாவின் குரல், “தெரியுதா?” என்று கேட்டது.

அப்பா மொட்டை மாடியிலிருந்து விழுந்து செத்தபோது அவளுக்கு ஒன்பது வயது, தம்பிக்கு ஆறு. ஆன்டெனாவைத் திருப்பப் போனவர் கால் தவறினார் என்று எழுதிப் போலீஸார் வழக்கை மூடிவிட்டார்கள். ஜன்னலில் நின்று அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள்தான். படம் பளிச்சென்று விழுந்துவிட்டது. ஆனால் அப்பா இறங்கி வந்தால் செய்திக்குத் திருப்பிவிடுவார், கரடி அம்போதான். அதனால் அவர் கேட்கும்போதெல்லாம், “இன்னும் கொஞ்சம்ப்பா” என்றாள். நாலாவது தடவை அவர் கைப்பிடிச் சுவர்மேல் ஏறினார். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அம்மா அன்றோடு அடுக்கு செய்வதை விட்டாள், பெட்டியையும் போடவில்லை.

இப்போது வாராவாரம் அதே நடந்தது. குரல் மூன்று முறை கேட்கும். அவள் ஜன்னலோரம் நிற்பாள்; வாய் வராது. தெரிகிறது என்று சொன்னால் அவர் இறங்கி வருவார். வந்தால், அன்றைக்கு ஏன் பொய் சொன்னாய் என்று கேட்பார். நாலாவது முறை கேட்டபின், கரடி கரையைக் காணும் நேரத்தில், முற்றத்தில் கனமாக ஏதோ விழும். எட்டிப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. துணிக்கொடி மட்டும் ஆடும். பிறகு அவள் சீஸ் தூவுவாள். அடுக்கு பொன்னிறமாக, அம்மா செய்தது மாதிரியே வந்தது. சாப்பிட்டு விக்கி விக்கி அழுதாள். மறு ஞாயிறு மறுபடி செய்தாள், குரலையாவது கேட்கலாமே. இப்படி ஆறு வாரம் தன் அப்பாவை அவள் விழ விட்டாள்.

ஏழாவது வாரம் தம்பி வந்தான். லிஃப்ட் பழுது பார்ப்பவன். உயரமும் விழுதலும் அவனுக்கு அன்றாட விஷயம். குரல் முதல்முறை கேட்டதும் எழுந்து ஜன்னலுக்குப் போனான். திரும்பி அக்காவின் முகத்தைப் பார்த்தான். அவள் எல்லாவற்றையும் கொட்டினாள்.

“எனக்குத் தெரியும்க்கா. படம் தெளிவாத்தான் இருந்துச்சு. நானும் கரடியைத்தானே பார்த்துட்டிருந்தேன்? வாயைத் திறந்தேனா?”

“நீ சின்னப் பிள்ளைடா.”

“நீ மட்டும் என்ன கிழவியா? ஒன்பது வயசு.”

மேலிருந்து மூன்றாவது முறை கேட்டது. தம்பி அவள் முழங்கையைப் பிடித்து ஜன்னலுக்கு இழுத்தான். “திட்டினா ரெண்டு பேரும் சேர்ந்தே வாங்கிக்கலாம். சொல்லு.”

அவள் சொன்னாள். “தெரியுதுப்பா. இறங்கி வாங்க.”

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. முப்பத்தாறு வயதுக்காரர் ஒருவர் கையில் ஆன்டெனாத் துருவோடு உள்ளே வந்தார். அறுபதை நெருங்கும் அக்காவையும் தம்பியையும் பார்த்து, விருந்தாளிகள் என்று நினைத்து மரியாதையாகச் சிரித்தார். பொய்யைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அவர் கேட்டது வேறு.

“பசங்க எங்கேக்கா? இப்பத்தான் ஜன்னல்ல குரல் கேட்டுச்சு.”

திட்டு வாங்கத் தயாராக நின்றவள், “அம்மாகூட வெளியே போயிருக்காங்க. வந்துருவாங்க,” என்றாள்.

அதன்பின் பெட்டி ஓடவில்லை. அவர் தங்கிவிட்டார். தையல்காரர் அளவெடுத்து, இந்தக் காலத்துக் கால்சட்டை இரண்டு தைத்துக் கொடுத்தார். அவருக்கு ஒரு கிடங்கில் வேலை கிடைத்தது. கட்டடத்தில் அவரை இஸ்திரிக்காரம்மா வீட்டு வாடகைக்காரர் என்றார்கள். மகளை அக்கா என்றும் மகனை சார் என்றும் அழைத்தார். நான்கு வருடத்தில் அவருக்கு நாற்பது வயது ஆனது, காதோரம் நரைத்தது. இரண்டு முறை உண்மையைச் சொல்லிவிட அவள் வாயெடுத்தாள். இரண்டு முறையும் அவர் பசங்களுக்கு வாங்கி வந்த நோட்டுப் புத்தகங்களைக் காட்டிக்கொண்டிருந்தார்.

ஞாயிறுதோறும் அவள் கடிகாரம் பார்த்து அடுக்கு செய்கிறாள். சில வாரம் தீய்ந்துவிடும். அவர் மொறுமொறுப்பான இரண்டு மூலைத் துண்டுகளை வெட்டிப் பசங்களுக்கென்று தனியே மூடி வைக்கச் சொல்வார். திங்கள் அவர் வேலைக்குப் போனதும் தம்பி வருவான். இருவரும் சமையலறையில் நின்றபடி அவற்றைத் தின்பார்கள். மாலை அவர் வந்து காலிப் பாத்திரத்தைத் திறந்து பார்ப்பார்.

“வந்தாங்களாக்கா?”

“வந்தாங்க.”

“நல்லா சாப்பிட்டாங்களா?”

“ரெண்டு பேரும் நல்லா சாப்பிட்டாங்க.”