தோற்றால் ஒரு மெழுகுவர்த்தி

ஐந்தாவது செட் தொடங்கியபோது லூர்து மேரி மூன்றாவது முறையாக கேஸ் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். திண்டிவனத்தில் அந்தத் தெருவே அவள் வீட்டுக் கூடத்தில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. டென்னிஸில் ஒரு மண்ணும் தெரியாதவர்கள்கூட இந்தப் பதினைந்து நாளில் வாத்தியாராகிவிட்டார்கள். பின்னே? யாருமே கேள்விப்படாத அவள் மகன் ஆரோக்கிய ஜெனித், ஆஸ்திரேலியாவில் ஆறு பேரைச் சாய்த்துவிட்டு இறுதி ஆட்டத்தில் நிற்கிறான். விழுப்புரம் மைதானத்தில் மயிர் உதிர்ந்த பந்தை அடித்துப் பழகிய பிள்ளை.

"வந்து உக்காருங்க மேரிக்கா. பெத்தவ வேண்டிக்கினா மாதா கேக்காமப் பூடுவாங்களா?" என்றாள் எதிர்வீட்டு அம்சவள்ளி.

மேரிக்குச் சுருக்கென்றது. அவள்தான் ஏற்கெனவே வேண்டிக்கொண்டுவிட்டாளே!

ஊருக்குக் கிளம்பும் முன் ஜெனித் சொன்னான்: "வலது முட்டி தாங்கலம்மா. இதான் கடைசி. தோத்துட்டா வூட்டோட வந்துர்றேன்." முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் இருபது வருஷமாக நர்ஸாக இருப்பவள் அவள். இன்னும் ஒரு வருஷம் ஓடினால் அந்த முட்டி என்னாகும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. அன்று மத்தியானம் அவன் தூங்கும்போது தலையிலிருந்து கால்வரை நூல் பிடித்து அளந்தாள். முதல் ஆட்டத்திலேயே தோற்று வரட்டும், அவன் உயரத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன் என்று மாதாவிடம் நேர்ந்துகொண்டாள். பெற்ற பிள்ளை தோற்கவேண்டும் என்று நேர்ந்துகொண்டவள் இந்தச் சுற்றுவட்டாரத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

அவனோ ஜெயித்துக்கொண்டே போனான். காலிறுதியன்று அவளுக்கு மாதா மேலேயே கோபம் வந்தது. அரையிறுதியில் தன்னை மறந்து கை தட்டிவிட்டு, பிறகு அந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். இப்போது எதை வேண்டுவது? ஜெயிக்கட்டும் என்றால் முட்டி போகும். தோற்கட்டும் என்று சொல்ல வாய் வரவில்லை.

கூடமே இடிந்து விழுவதுபோல் ஒரு சத்தம். தெருவில் வெடி வெடித்தது. மேரி துணியும் கையுமாக ஓடிவந்தாள். திரையில் ஜெனித் முகத்தைப் பொத்திக்கொண்டு தரையில் கிடந்தான்.

பரிசளிப்பில் அவன் இங்கிலீஷில் நாலு வார்த்தை பேசிவிட்டு, மைக்கிலேயே தமிழுக்கு மாறினான். "அம்மா, பாத்துக்கினு இருக்கியா? இனிமே ஆட்டத்த எப்படிம்மா வுட்றது?"

கூடம் சிரித்துக் கை தட்டியது.

கோப்பையைக் கட்டிக்கொண்டு அவன் மேடையை விட்டு இறங்கினான். ஒவ்வொரு படியிலும் வலது காலை முதலில் இறக்கி, இடதை அதன் பக்கத்தில் கொண்டுவந்து வைத்து, நின்றான். அம்சவள்ளி மேரியின் வாயில் சர்க்கரையைத் திணித்தாள். மேரி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இன்னும் ஒரு படி இருந்தது.